ஒத்திகைக்கு அனுமதி தேவையில்லை

இயந்திரம் வந்து இறங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதன் உள்ளே இன்னும் ஒரு குழந்தைகூடப் போகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் என்று பார்த்தால், அந்த மருத்துவமனையில் நோயாளிகள் மட்டும்தான் பாக்கி.

மருத்துவமனையின் முழுப் பெயர் 'வைகைக்கரை பச்சிளங்குழந்தைகள் உயர் ஆராய்ச்சி மருத்துவ நிலையம்'. கோச்சடை ஆட்டோக்காரர்கள் சுருக்கமாக 'உயர்நிலையம்' என்பார்கள். பெயர்ப்பலகையின் நீளத்துக்குக் கட்டடம் போதாமல் கிழக்குப் பக்கம் இரண்டு அறைகளைக் கூடுதலாகக் கட்டியதாக ஒரு பேச்சு உண்டு. அந்த அறைகளில் ஒன்றில்தான் இயந்திரம் இருந்தது. பிறந்த குழந்தையின் மூளைக்குள் ரத்தம் எந்த அளவுக்கு ஓடுகிறது என்பதை ஊசி குத்தாமல், மருந்து ஏற்றாமல், காந்தத்தைக் கொண்டே அளந்து சொல்லும் எம்.ஆர்.ஐ. இயந்திரம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் இன்னும் அழியாமல் இருந்தன.

ஜூடு இதையெல்லாம் அறியாதவர். பசுமலையில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஒரே விசிலில் மைதானம் முழுக்க உள்ள பையன்களை வரிசையாக நிறுத்திவிடுவார். வரிசையில் ஒழுங்காக நின்றால் உலகத்தில் எந்தக் காரியமும் நடந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் அவர் உயர்நிலையத்துக்குள் நுழைந்தார்.

அவர் மனைவி பெர்சி பிரசவத்துக்காகக் கொட்டாம்பட்டியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை காலையில் அங்கே ஒரு சிறிய நர்சிங் ஹோமில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தை அழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினார்கள், முதுகைத் தேய்த்துவிட்டார்கள். நெடுநேரம் கழித்து மூச்சு வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. மறுநாள் வலிப்பு வந்தது. பெர்சியும் குழந்தையும் இருந்த ஆம்புலன்ஸ் கோச்சடைக்கு வந்து நின்றபோது, அதன் பின்னாலேயே ஜூடு தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எனவே காலில் ஓர் அட்டை கட்டினார்கள். அதில் 'பெர்சி பேபி' என்று எழுதியிருந்தது.

குழந்தையைப் பார்த்த மருத்துவர் இந்துப்ரியா இளம் பெண். பேசும்போது ஒரு கண் எப்போதும் கதவின் மேல் இருக்கும்.

"பிறக்கும்போது மூளைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் சரியாப் போகல மாஸ்டர். இப்ப எப்படிப் போகுதுன்னு தெரியணும். அதை வச்சுத்தான் அடுத்து என்ன வைத்தியம்னு முடிவு பண்ண முடியும்."

"அதை எப்படி மேடம் பாப்பீங்க?"

"கழுத்து வழியா மேல ஏறுற ரத்தத்துக்குக் காந்தத்தாலேயே ஒரு அடையாளம் வைப்போம். அந்த ரத்தம் மூளையில எந்தெந்த இடத்துக்கு எம்புட்டுப் போய்ச் சேருதுன்னு மிஷின் கணக்குப் பண்ணிச் சொல்லும்."

ஜூடுவுக்கு இது உடனே விளங்கிவிட்டது. சாலை ஓட்டப் பந்தயத்தில் பள்ளி வாசலில் பையன்களின் நெஞ்சில் எண் குத்தி அனுப்புவார். திருப்பரங்குன்றத்தில் எல்லைக் கோட்டில் நின்று யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்று பார்ப்பார். வழியில் கரும்புச்சாறு கடையில் உட்கார்ந்துவிட்டவன் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

"இந்த வாரத்துக்குள்ள எடுக்கணும்" என்றாள் இந்துப்ரியா. "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எடுத்தா அடிபட்ட இடம்கூட அடிபடாத மாதிரி படத்துல விழும். நம்ப முடியாது. மயக்க மருந்தெல்லாம் வேண்டாம். வயிறு நிறையப் பால் குடுத்து, துணியில இறுக்கிச் சுத்தி, தூங்க வச்சு உள்ள தள்ளணும். அரை மணி நேரம் அசையாமத் தூங்கினாப் போதும்."

"அம்புட்டுத்தானா? அப்ப இன்னைக்கே எடுத்துருவோம்."

இந்துப்ரியா கதவைப் பார்த்தாள். "மிஷினுக்கு இன்னும் திறப்பு விழா நடக்கல மாஸ்டர்."

"அதுக்கும் பிள்ளைக்கும் என்ன மேடம்?"

"நீங்க டைரக்டரைப் பாருங்க" என்றாள் அவள்.

இயக்குநர் கூடலிங்கம் ஒருகாலத்தில் மருத்துவராக இருந்தவர். கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்தது எந்த ஆண்டு என்பது அவருக்கே நினைவில்லை. கடைசியாகப் பொன்னாடை போர்த்திக்கொண்டது அன்று காலையில். அவர் அறையில் மருத்துவப் புத்தகங்கள் இருந்த அலமாரியில் இப்போது பொன்னாடைகள் மடித்து அடுக்கியிருந்தன. ஜூடுவை உட்காரச் சொல்லிவிட்டு, மேடையில் பேசுவதுபோல எழுந்து நின்றுகொண்டார்.

"மாஸ்டர், இந்த இயந்திரம் நம்ம பக்கத்துலேயே முதல் முறை. முதல் முறைங்கிறதுதான் முக்கியம். எதுக்கு, எப்படின்னு கேக்குறவங்க இருக்காங்க. நான் அவங்ககூட விவாதம் வச்சுக்கிறதில்ல. போன வருஷம் பெரிய ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கினோம். அதோட திறப்பு விழாவுல கரண்டு போயிருச்சு. அந்த ஜெனரேட்டரைப் போட்டுத்தான் அந்த விழாவையே நடத்துனோம். எம்புட்டுப் பயன் பாருங்க."

"சார், பிள்ளைக்கு இந்த வாரத்துக்குள்ள எடுக்கணுமாம்."

"அதைத்தான் சொல்ல வாரேன். உங்க பிள்ளை குடுத்து வச்ச பிள்ளை. வர்ற வெள்ளிக்கிழமை விழா. எங்களுக்கு முதல் குழந்தை ஒண்ணு வேணும். அஞ்சு மாசமாத் தேடிக்கிட்டே இருக்கோம். எந்தப் பிள்ளையை முடிவு பண்ணாலும் விழாத் தேதி தள்ளிப்போகுது, அதுக்குள்ள ஒண்ணு குணமாகிப் போயிருது, இல்லைன்னா…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. விழாவைப் பற்றிப் பேசும்போது அப்படிப்பட்ட சொற்களை அவர் பயன்படுத்துவதில்லை.

ஜூடு மெதுவாகக் கேட்டார். "இன்னைக்கு ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு, வெள்ளிக்கிழமை விழாவுக்கு இன்னொரு தடவை எடுத்தா என்ன சார்?"

"அப்ப வெள்ளிக்கிழமை எடுக்கிறது முதல் ஸ்கேனா, ரெண்டாவது ஸ்கேனா?"

ஜூடு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டாவது ஸ்கேனுக்குச் சிறப்பு விருந்தினரைக் கூப்பிட முடியாது மாஸ்டர். அது அவரை அவமானப்படுத்துறது."

வெள்ளிக்கிழமையோடு வாரம் முடிகிறது, ஆனால் வெள்ளிக்கிழமையும் வாரத்துக்குள்தான் இருக்கிறது என்று ஜூடு தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலையில் காளவாசலிலிருந்து கோச்சடை வரைக்கும் ஃப்ளெக்ஸ் பலகைகள் முளைத்திருந்தன. மேலே சிறப்பு விருந்தினர், அவருக்குக் கீழே இயக்குநர், அவருக்கும் கீழே ஓரத்தில் ஒரு குழந்தை. 'தென்னகத்தின் முதல் மூளை ரத்த ஓட்டக் குழந்தை, செல்வி பெர்சி பேபி' என்று எழுதியிருந்தது. ஒரு பலகை வார்டு ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. பெர்சி எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

"அது யாரு பிள்ளைங்க?"

"நம்ம பிள்ளையாம்."

"கண்ணு நீலமா இருக்கே."

"ஃப்ளெக்ஸ் கடையில அந்தப் படம்தான் இருந்துச்சாம்."

பெர்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சிரிக்குது" என்றாள்.

புதன்கிழமை முதலாவது ஒத்திகை நடந்தது. பெர்சி பால் கொடுத்தாள். வார்டு ஆயா ராக்கம்மாள் வெள்ளைத் துணியில் குழந்தையைக் கையும் காலும் அசையாமல் சுற்றினாள். "சுருட்டி வச்ச பாய் மாதிரி எப்படி இருக்கா பாருங்க" என்றாள். குழந்தை தூங்கியது. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். இந்துப்ரியா தொழில்நுட்பர் கார்த்திகேஷின் காதருகே குனிந்து, "யாரும் கவனிக்கல, இப்பவே உள்ள வச்சு எடுத்துருவோம்" என்றாள். கார்த்திகேஷ் ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். அப்போது முற்றத்திலிருந்து ஒலிபெருக்கி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றது. மைக் சரியாக வேலை செய்தது. குழந்தை கண்ணைத் திறந்து முனகியது. அதற்கு இன்னும் முனகல்தான் வந்துகொண்டிருந்தது.

குழந்தை விழித்திருந்தாலும் ஒத்திகை நிற்கவில்லை. இயந்திரத்தின் வாயை மறித்து ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இயக்குநர் கத்திரிக்கோல் வைத்த தட்டோடு அறைக்கு வெளியே நின்றார். கார்த்திகேஷ் குறுக்கே வந்தான்.

"சார், கத்திரிக்கோல் உள்ள வரக் கூடாது. காந்தம் இழுத்துரும்."

"மெயினை ஆஃப் பண்ணு."

"ஆஃப் பண்ணாலும் காந்தம் இருக்கும் சார். அது எப்பவும் இருக்கும்."

"ராத்திரியிலயுமா?"

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமையும் சார்."

இயக்குநரின் முகம் மாறியது. "தம்பி, எங்கிட்ட கேக்காம இந்தக் கட்டடத்துல ஃபேன்கூட ஓடாது" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு உள்ளே நடந்தார்.

கத்திரிக்கோல் தட்டிலிருந்து கிளம்பியது. இயக்குநரின் காதை உரசாமல், ஆனால் அவருக்குக் கேட்கும்படியாகப் போயிற்று. போகிற வழியில் ரிப்பனையும் அறுத்துக்கொண்டு இயந்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டது.

ஜூடுதான் முதலில் பேசினார். "ரிப்பன் அறுந்துருச்சே சார். அப்ப மிஷினைத் திறந்தாச்சுன்னுதானே அர்த்தம்?"

"விருந்தினர் இல்லாம அறுந்தா அது திறப்பு இல்ல மாஸ்டர்" என்றார் இயக்குநர், காதைத் தடவிக்கொண்டே. "அது சேதம்."

கத்திரிக்கோலை மூன்று பேர் சேர்ந்து பிடுங்கினார்கள். வியாழக்கிழமை காலை முழுவதும் கத்திரிக்கோல் பற்றி ஆராய ஒரு குழு கூடியது. பித்தளையில் கத்திரிக்கோல் செய்யலாமா, ரிப்பனைக் கையால் கிழிக்கலாமா, கிழித்தால் விருந்தினருக்கு வலுவில்லை என்ற பேச்சு வருமா என்றெல்லாம் விவாதித்தார்கள். ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சாகப் போடலாம் என்று முடிவாயிற்று. அந்த முடிச்சைப் போடப் பழகுவதற்கு அன்று பிற்பகல் சரியாக இருந்தது.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் பெர்சி பால் கொடுத்தாள், ராக்கம்மாள் துணி சுற்றினாள், குழந்தை தூங்கியது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்தார், அல்லது வரவேற்புரையை வாசித்தார். 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்று இயக்குநர் குறிப்பு எழுதச் சொன்னார். பிறகு ஆளனுப்பி டவுன்ஹால் ரோட்டில் ஒரு பொம்மை வாங்கிவரச் செய்தார். நிமிர்த்திப் பிடித்தால் விழிக்கும், படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். இயக்குநர் அதைப் பலமுறை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பார்த்தார்.

"பாத்தீங்களா மாஸ்டர், படுக்க வச்ச உடனே தூங்குது. பிள்ளைன்னா இப்படி இருக்கணும்."

பொம்மையின் காலில் 'ஒத்திகை' என்று ஓர் அட்டை கட்டப்பட்டது. அதன் பிறகு எல்லா வேலைகளும் மளமளவென்று நடந்தன. இயந்திர அறை வாசலில் காவலுக்கு முத்திருளன் என்பவரைப் போட்டிருந்தார்கள். அவருக்கு ஒரே உத்தரவு. குழந்தை போனால் இயக்குநர் கையெழுத்து வேண்டும். பொம்மை போனால் வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஜூடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் கையை நீட்டி மறித்தார்.

"பிள்ளையா பொம்மையா அண்ணே?"

"பிள்ளைதான்."

"அப்ப கையெழுத்து வேணும்ண்ணே. பொம்மைன்னா போய்க்கங்க. ஒத்திகைக்கு அனுமதி தேவையில்ல."

வெள்ளிக்கிழமை விடிந்தது. பந்தலில் நாற்காலி போட்டார்கள். இயக்குநரின் உதவியாளர் ஒருவர் கையில் செல்போனோடு பெர்சியின் கட்டிலருகே வந்து நின்றுகொண்டார். விருந்தினர் வந்து இறங்கும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், அவருடைய கார் எங்கே வருகிறது என்பதை வைத்துப் பால் கொடுப்பதாக ஏற்பாடு.

"ஏர்போர்ட்ல இருந்து கிளம்பிட்டாரும்மா. குடுங்க."

பெர்சி கொடுத்தாள். குழந்தை தூங்கியது. விருந்தினர் பெருங்குடியில் ஒரு காதணி விழாவுக்குள் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் அங்கே சாப்பிட்டு முடிப்பதற்குள் குழந்தை தூங்கி எழுந்துவிட்டது.

"பழங்காநத்தம் வந்துட்டாரும்மா. குடுங்க."

"அவளுக்கு இப்பப் பசிக்கல."

"பழங்காநத்தம் வந்துட்டாரும்மா" என்றார் உதவியாளர், அவள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து.

பழங்காநத்தத்தில் ஒரு கட்சிக் கொடியை ஏற்றச் சொல்லி மறித்துவிட்டார்கள். ஏற்றி முடித்து மாலை வாங்கி அவர் மீண்டும் காரில் ஏறியபோது குழந்தை வாயைச் சப்பத் தொடங்கியது. பெர்சி அதை மார்போடு சேர்த்தாள். உதவியாளர் பதறிப்போனார்.

"இப்பக் குடுத்துராதீங்கம்மா. காளவாசல் சிக்னல்லயே கார் நிக்குது. இங்க வர்றதுக்குள்ள முழிச்சுக்கிரும்."

பெர்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எம் பிள்ளை பசி எந்த சிக்னல்ல நிக்குதுன்னு உங்க போன்ல கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

அவள் பால் கொடுத்தாள். குழந்தை தூங்கியது. ராக்கம்மாள் சுற்றினாள். இந்துப்ரியா குழந்தையின் காதில் பஞ்சு அடைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. விருந்தினரின் கார் வாசலுக்குள் நுழைந்தது. பத்தாயிரம் வாலா சரவெடியைக் கொளுத்தினார்கள்.

குழந்தை அழுதது.

அது முனகல் இல்லை. தொண்டை கிழிய, முகம் சிவக்க, சுற்றியிருந்த துணியைக் கால்களால் உதைத்துத் தளர்த்திக்கொண்டு அழுதது. ஜூடு நின்ற இடத்திலேயே நின்றார். பிறந்ததிலிருந்து அவர் கேட்கக் காத்திருந்த சத்தம் அது. பெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாத்தே, குரலைப் பாரு" என்றாள் ராக்கம்மாள். "தெப்பக்குளம் வரைக்கும் கேக்கும் போலருக்கே."

இயக்குநர் ஓடி வந்தார். "நிறுத்துங்க. யாராவது அதை நிறுத்துங்க. ஐயா இறங்கிட்டாரு."

"சார், அவ பிறந்து இப்பத்தான் சார் அழுகுறா" என்றார் ஜூடு.

"நேத்து அழுதிருக்கலாமே மாஸ்டர்" என்றார் இயக்குநர். குழந்தையின் காலில் இருந்த 'பெர்சி பேபி' அட்டையைக் கழற்றினார். பொம்மையின் காலில் இருந்த 'ஒத்திகை' அட்டையை மேசைமேல் எறிந்துவிட்டு அந்த இடத்தில் இதைக் கட்டினார். ராக்கம்மாள் சுற்றுவதற்காக வைத்திருந்த இன்னொரு துணியில் பொம்மையை வைத்து முகம் மட்டும் தெரியும்படி மூடினார். "இதுக்கு மேல என்ன செய்ய முடியும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பந்தலில் இருந்தவர்களுக்காக ஒரு டி.வி. வைத்திருந்தார்கள். ஜூடு நடைவழியில் நின்று அதில் பார்த்தார். விருந்தினர் ரிப்பனின் நுனியை இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. கைதட்டல். வெள்ளைத் துணிக்குள் கண்மூடிய பெர்சி பேபி மெல்ல இயந்திரத்தின் வாய்க்குள் நகர்ந்தாள். ஒத்திகைகளில் பொம்மையை இயந்திரத்துக்குள் தள்ளிப் பார்த்ததில்லை. அதனால் யாரும் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. படுக்கவைத்தால் கண்ணை மூடுவதற்காகப் பொம்மையின் தலைக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டு வைத்திருந்தார்கள். காந்தத்துக்கு அருகில் போனதும் குண்டு திரும்பிக்கொண்டது. பொம்மை படுத்த நிலையிலேயே இரண்டு கண்களையும் அகலத் திறந்தது.

விருந்தினர் ஓரடி பின்வாங்கினார். "முழிச்சிருச்சே."

"உங்க வருகையை உணர்ந்துருச்சுங்க ஐயா" என்றார் இயக்குநர்.

இயந்திரம் தட்டியது, உறுமியது, நின்றது. திரை கறுப்பாக இருந்தது. விருந்தினர் அதையே கூர்ந்து பார்த்தார். "ரத்தம் எங்க இருக்கு?"

"ரத்தம் ரொம்ப அமைதியா இருக்குங்க ஐயா. கறுப்பா இருந்தா அமைதின்னு அர்த்தம்."

விருந்தினர் திருப்தியடைந்தார். வெளியே வந்து இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இந்தப் பிஞ்சுக் குழந்தையின் மூளையில் என்ன ஓடுகிறது என்று இதுவரை நமக்குத் தெரியாது. தெரியாமலேயே வைத்தியம் பார்த்துவந்தோம். இனிமேலும் நாம் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று சிலர் கேட்கலாம். அடுத்து நாம் நூறாவது நாள் விழா கொண்டாடப்போகிறோம்." கைதட்டல் நீண்ட நேரம் நிற்கவில்லை.

அந்தக் கைதட்டலுக்கு நடுவிலேயே அச்சுப்பொறியிலிருந்து அறிக்கை வந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. கார்த்திகேஷ் அது சொன்னதை அப்படியே அச்செடுத்தான். இயக்குநர் புகைப்படக்காரர்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு அதை ஜூடுவிடம் வழங்கினார். பெயர், பெர்சி பேபி. மூளையில் ரத்த ஓட்டம், பூஜ்யம்.

ஜூடு அதைப் படித்தார். அவர் தோளில் குழந்தை இன்னும் விக்கிக்கொண்டிருந்தது.

"சார், இது பொம்மைக்கு எடுத்தது."

"பெர்சி பேபிக்கு எடுத்தது. பேர் போட்டிருக்கு பாருங்க."

"சரி சார். இப்ப இவளுக்கு ஒண்ணு எடுத்துருவோம். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "ரத்தம் ஓடாத பிள்ளைக்கு மறுபடியும் எடுக்க விதியில இடமில்ல மாஸ்டர். ஓடுதுன்னு ஏதாவது சான்று இருந்தாக் கொண்டுவாங்க, பரிசீலிக்கலாம்."

"அந்தச் சான்றை எங்க சார் வாங்குறது?"

"ஸ்கேன் எடுத்தாத் தெரிஞ்சிரும்." அவர் ஜூடுவின் தோளில் கைவைத்தார். குழந்தையின் உதைக்கும் கால் அவருடைய மணிக்கட்டில் பட்டது. "மனசைத் தேத்திக்கங்க. இளம் வயசு. இன்னொரு பிள்ளை பிறக்கும். அப்ப நாங்க புது மிஷின் எதாச்சும் வாங்கியிருப்போம்."

மருந்துக் கடையில் வலிப்பு மருந்து கேட்டபோது, பூஜ்யம் என்று வந்த குழந்தைக்கு மருந்து தருவதில்லை என்றார்கள். வார்டில் கட்டில் கேட்டபோது, பெர்சி பேபியின் கட்டிலில் பெர்சி பேபி இருப்பதாகச் சொன்னார்கள். உண்மைதான். விழா முடிந்து பொம்மையைக் கொண்டுவந்து அங்கே படுக்கவைத்திருந்தார்கள். வீட்டுக்காவது அனுப்புங்கள் என்று கேட்டபோது, இப்படிப்பட்ட குழந்தையை அனுப்புவது பற்றி ஒரு குழு முடிவு செய்யும், அது மாதக் கடைசியில் கூடும் என்றார்கள்.

ஜூடு ஒவ்வொரு வரிசையிலும் ஒழுங்காகத்தான் நின்றார். கடைசி வரிசை முடிந்த இடத்தில் ஒரு மேசை இருந்தது. அதன்மேல் இயக்குநர் எறிந்துவிட்டுப் போன அட்டை கிடந்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டு இந்துப்ரியாவிடம் போனார்.

"மேடம், ஒத்திகைக்குக் கையெழுத்து வேணுமா?"

"வேண்டாம். ஏன் கேக்குறீங்க?" என்றவள் அட்டையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கதவைப் பார்க்க மறந்து நின்றாள். பிறகு கார்த்திகேஷைக் கூப்பிட்டாள்.

கார்த்திகேஷ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒத்திகைன்னா எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல மேடம்" என்றான்.

பந்தலில் பிரியாணி பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். அந்த மருத்துவமனையில் அன்றுதான் முதல்முறையாகச் சத்தம் ஓய்ந்தது. அழுது களைத்த குழந்தை, எந்தக் கார் எங்கே வருகிறது என்று தெரியாமல், தன் பசிக்குப் பால் குடித்து, தன் பாட்டுக்குத் தூங்கியது. ஜூடு அதன் காலில் 'ஒத்திகை' அட்டையைக் கட்டினார்.

முத்திருளன் பிரியாணிப் பொட்டலத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "பிள்ளையா பொம்மையா அண்ணே?"

"பொம்மை."

அவர் எட்டிப் பார்த்து அட்டையை வாசித்தார். "போங்கண்ணே" என்றார்.

இயந்திரம் தட்டத் தொடங்கியது. சாலை போடும் இடத்தில் கேட்கும் சத்தம். குழந்தை அசையவில்லை. திரையில் கறுப்பு விலகி, விடியும்போது மைதானத்தில் வெளிச்சம் பரவுவதுபோல, மெல்ல ஓர் உருவம் தெளிந்தது. அந்த நேரத்தில் கதவு திறந்தது. ஒரு கையில் வெற்றிலையோடு இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

இந்துப்ரியா திரும்பாமலே சொன்னாள். "நூறாவது நாள் விழாவுக்கு ஒத்திகை சார்."

இயக்குநர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். வெள்ளைத் துணி, மூடிய கண்கள். அவர் முகம் மலர்ந்தது. "இதுதான் ஒத்துழைப்பு. இதைப் பாத்து அந்தப் பிள்ளை கத்துக்கணும்" என்று ஜூடுவிடம் சொன்னார். பிறகு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்துப்ரியா வெகுநேரம் திரையைப் பார்த்தாள். ஜூடு எல்லைக் கோட்டில் நிற்பவரைப் போல நின்றார்.

"ஓடுது மாஸ்டர்" என்றாள் அவள். "வலது பக்கம் நல்லாவே ஓடுது. இடது பக்கம் இந்த இடத்துல ரத்த ஓட்டம் ஒழுங்கா இல்ல, இங்க அடி விழுந்திருக்கு. நான் மறைக்கல. வலது கை கொஞ்சம் மந்தமா இருக்கலாம். சின்ன வயசுல இருந்தே விடாமப் பயிற்சி குடுக்கணும்."

"பயிற்சியா மேடம்?"

"ஆமா. தினமும். வருஷக் கணக்கா."

"அது நான் பாத்துக்கிறேன்" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

இந்துப்ரியா படத்தை ஒரு குறுந்தகட்டில் பதிந்து கொடுத்தாள். நகரத்துக்குள் இன்னொரு மருத்துவமனையில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசிவிட்டதாகவும், உடனே அங்கே கொண்டுபோய் மருந்தை ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னாள். "பெர்சி பேபியை வெளிய விடமாட்டாங்க. இந்த ரூமுக்குள்ள வந்த மாதிரியே அட்டையோட போங்க."

அவர்கள் கிளம்பியபோது ராக்கம்மாள் பெர்சி பேபியின் கட்டிலருகே உட்கார்ந்து, பொம்மைக்கு உடல் வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரத்துக்கு நேரம் பார்க்கவேண்டும் என்று உத்தரவு. "நீங்க போங்க தம்பி. இது எங்கிட்ட நல்லா இருக்கும்" என்றாள்.

முத்திருளனை இப்போது வெளிவாசலுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் கையை நீட்டி மறித்தார்.

"பொம்மையை எங்கண்ணே கொண்டுபோறீங்க?"

"ஒத்திகை வெளியில நடக்குதுண்ணே."

அவர் அட்டையைப் பிடித்து மறுபடியும் வாசித்தார். அவருடைய விரல் குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். குழந்தை கண்ணைத் திறந்தது. முகத்தைச் சுளித்தது. பிறகு ஊருக்கே கேட்கும்படி அழுதது. பெர்சி ஜூடுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

முத்திருளன் குனிந்து அதையே பார்த்தார். அதன் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவருக்கு வியப்புத் தாங்கவில்லை.

"அச்சு அசலா அழுகுதே. பேட்டரி போட்டதாண்ணே?"

"பேட்டரி இல்லண்ணே" என்றார் ஜூடு. "தானா அழுகுது."